பாகப்பிரிவினை இல்லாத பணக்காரர்கள்

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. மெல்லிய துணி வாங்கிக் கப்பலேற்றிய கம்பெனியின் மனிதர்கள். பெயரும் குலச்சின்னமும் கல்லில் வெகு நேர்த்தியாகச் செதுக்கியிருக்கும். சொத்து யாருக்குப் போயிற்று, அதற்காக யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்பது மட்டும் கல்லில் கிடையாது. பணக்காரர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கற்கள் ஞாபகத்துக்கு வரும்.

1985-ம் வருஷம் தூர்தர்ஷனில் 'கான்தான்' என்று ஒரு இந்தித் தொடர் வந்தது. கான்தான் என்றால் குலம், வமிசம். ஸ்ரீதர் க்ஷீரசாகர் இயக்கியது. பட்டணத்துப் பெரும்புள்ளிகளின் குடும்பக் கதை. அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் ஊரை ஒட்டிய கல்பாக்கம் குடியிருப்பில் வடக்கத்தியக் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டின் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, பாஷை தெரியாமலே பார்த்தோம். அந்த வீட்டு அம்மாள் அவ்வப்போது தமிழில் இரண்டு வார்த்தை சொல்லுவார். பெரும்பாலும் புடவையைப் பற்றித்தான்.

அதே காலத்தில் 'ஹம் லோக்' ஓடிக்கொண்டிருந்தது. 1984 ஜூலையில் தொடங்கி 1985 டிசம்பர் வரை வந்த, கையில் காசு தங்காத ஒரு குடும்பத்தின் கதை. அந்த வீட்டுத் தாத்தாவையும் மூன்று பெண்களையும் இன்றும் என்னால் அடையாளம் சொல்ல முடியும். 'கான்தா'னில் நடித்த ஜயந்த் கிருபளானி, நீனா குப்தா, சேகர் கபூர் ஆகியோரின் பெயர்கள் தெரிகின்றன. அவர்கள் யாராக நடித்தார்கள் என்பது மறந்துவிட்டது. நடிப்பில் குறையில்லை. யாரும் கத்தவில்லை, மார்பில் அடித்துக் கொள்ளவில்லை. பின்னாளில் தமிழில் வந்த நெடுந்தொடர்களை நினைத்தால் அது ஒரு புண்ணியம் என்றுகூடத் தோன்றுகிறது.

பின் எங்கே தவறிற்று? அச்சு வெளியூர் அச்சு. 1981-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'டைனஸ்டி'யைப் பார்த்துப் பிறந்தது 'கான்தான்'. டென்வர் நகரத்து எண்ணெய்க் கோடீசுவரன் பிளேக் காரிங்டன் தான் சம்பாதித்ததை ஓர் உயிலால் யாருக்கும் கொடுக்கலாம், யாருக்கும் மறுக்கலாம். அதனால் அந்த வீட்டில் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் ஓர் ஆபத்து உள்ளே வருகிறது. முதல் மனைவி திரும்பி வந்தால் வீடே நடுங்குகிறது.

நம் ஊர்ச் செல்வத்தின் சுபாவம் வேறு. கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. தகப்பன் கோபித்துக் கொண்டு அதை முழுவதும் மறுத்துவிட முடியாது. ஆகவே நம் பணக்கார வீட்டுச் சண்டையில் யாரும் வெளியேறுவதில்லை. ஒரே கூரை, இரண்டு அடுப்பு, பண்டிகைக்கு மட்டும் ஒரே பந்தி. பெண் கதை இன்னும் வேறு. தமிழ்நாட்டில் 1989-ல்தான் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. அதுவும் அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-ல் வந்தது. குலம் என்று பெயர் வைத்தவர் இந்தக் கிணற்றில் அல்லவா வாளியை இறக்கியிருக்க வேண்டும்?

என் பெரியம்மா ஒருத்தி சென்னையில் பெரிய ஜவுளிக்கடைக்காரர் மகள். தகப்பனார் காலமான பிறகு, 1987-ல், அண்ணன்மார் மூவரும் அவளைக் காரில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். மடியில் ஒரு புதுப் பட்டுப்புடவை. துணைக்கு வந்த என் அம்மாவோடு நானும் போயிருந்தேன். தகப்பனார் பங்கில் தனக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது. குமாஸ்தா காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். அழவில்லை. பெரிய அண்ணனின் பேனாவை மூடித் திருப்பிக் கொடுக்கும்போது, "மூடி சரியாக இறுகவில்லை அண்ணா, சட்டைப் பையில் மை கசியும்" என்றாள்.

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. தெருமுனைக் கடையில் நிறுத்தி, சின்ன அண்ணன் எங்கள் எல்லோருக்கும் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்.