மூலத்துக்குப் பக்கத்திலே மெத்தனால்!

குடித்தால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் எடுக்குமே, அந்த மெத்தனால்தாங்க, பெரிய நட்சத்திரம் ஒன்று பிறக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது! இதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றுத் தட்டு முன்னால்கூட மேசர், மேசர் என்று பினாத்துகிறேனாம், வீட்டில் புகார்.

நீங்களே நினைத்துப் பாருங்கள்: ஜூன் மாதம், ராத்திரி பதினொரு மணி, முத்தையாபுரத்துக்குத் தெற்கே உப்பளக் கரை. காலடியில் உப்பு நறநறக்கிறது, காற்று உதட்டில் கரிக்கிறது. துறைமுக விளக்குகள் கிழக்கு வானத்தைக் கொஞ்சம் வெளுக்கடிக்கத்தான் செய்கின்றன, அடித்துவிட்டுப் போகட்டும். தெற்கே விருச்சிகம் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது பாருங்கள், வால் நுனியில் மூலம்! மாமனாருக்கு ஆகாது என்று கல்யாணத்தைக் கலைக்கிறார்களே, அதே மூலம். அதற்குச் சற்று மேலே, மேற்கே தள்ளி பைனாகுலரைத் திருப்பினேன். பூனைப்பாத நெபுலா இருக்கிற இடம். என் கண்ணுக்கு நெபுலா சிக்கவில்லை, ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, "அண்ணாச்சி, அங்கே பூராவும் சாராயம்!" என்று கத்தியே விட்டேன். அளத்துக் காவல்காரர் பதறி எழுந்து, "எங்கவே விக்கான்?" என்றார்.

எப்படிச் சொல்வேன் அவருக்கு! நாலாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால், ஒளியே ஊடுருவ முடியாத அடர்ந்த தூசித் திரள், உறைகுளிர், தூசித் துகள்மேல் பனியாய்ப் படிந்த கார்பன் மோனாக்சைடில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாய் வந்து ஒட்டி மெத்தனால் ஆகிறது, உள்ளே கருக்கொண்ட நட்சத்திரம் சூடேற்ற ஏற்றப் பனி ஆவியாகிறது, சூடான தூசியின் அகச்சிவப்பு ஒளி மூலக்கூறுகளை மேல்நிலைக்கு ஏற்றி நிறுத்துகிறது, ஒன்று இறங்கும்போது கிளம்பும் அலை அடுத்ததை இறக்க, அது இன்னொன்றை இறக்க, அலை பெருத்துப் பெருத்து 6.7 கிகாஹெர்ட்ஸில் பாய்கிறது, அத்தனை தூசியையும் துளைத்துக்கொண்டு! இப்படிப் பெருத்து வருவதைத்தான் மேசர் என்கிறார்கள், 1991இல் கார்ல் மென்டன் கண்டுபிடித்த அலை இது. சூரியனைப் போல எட்டு மடங்குக்கும் மேல் கனக்கப் போகிற குழந்தைகளிடம் மட்டும்தான் இது கேட்கிறது, சின்னதுகளுக்குக் கொடுப்பினை இல்லை. சிலியில் 5,100 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏபெக்ஸ் தொலைநோக்கி எடுத்த தூசி வரைபடத்தில் இந்த மேசர்களைக் குறித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு தூசித் திரளின்மேல் போய் உட்காருகின்றன!

2015இல் அதே பூனைப்பாதத்தில் ஒரு குழந்தை நட்சத்திரம் சுற்றியிருந்த பொருளை அள்ளி விழுங்க, தூசியின் ஒளிர்வு நாலு மடங்காக, மேசர்கள் பொங்கியெழுந்ததைத் தென்னாப்பிரிக்காவின் 26 மீட்டர் தொலைநோக்கி பிடித்துவிட்டது. ஐயோ, அன்றைக்கு அந்தத் தொலைநோக்கி அறையில் தரை பெருக்கவாவது நான் இருந்திருக்கக் கூடாதா!

நம் பக்கமும் ஆள் இருக்கிறார் தெரியுமோ? அரெசிபோ தொலைநோக்கியின் 305 மீட்டர் கிண்ணத்தை வைத்து 86 மெத்தனால் மேசர்களைப் பட்டியலிட்டார்கள், 48 புத்தம் புதிது. 2007இல் அதை எழுதியவர்களில் முதல் பெயர் ஜகதீப் பாண்டியன், இப்போது மலைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்து விண்வெளி அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர். பஸ் ஏறினால் ஒரே பகல். போய் வாசலில் நின்று என்ன உளறுவேனோ, ஆனால் போகத்தான் போகிறேன்.