செங்கோட்டை மலையேறிய கரி வண்டி

ரயில் பயணம் என்றால் எனக்கு அது செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற பயணம்தான். அதுவும் கரி எஞ்சின் இழுத்த மீட்டர்கேஜ் வண்டியில்! எத்தனையோ ஏசி வண்டிகளில் போய்விட்டேன். ஒன்றுகூட அதன் கிட்டே வராது.

புனலூரில் பெரியம்மா வீடு. செங்கோட்டையில் வண்டி வெகுநேரம் நிற்கும். முன் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும். பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் வந்து 'டொம்' என்று மோதி மாட்டும். அந்த அதிர்வு மரப்பலகை வழியாக முதுகெலும்புவரை ஏறும். ஆகா! அப்பாவை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடுவேன். ஃபயர்மேன் அடுப்புக் கதவைத் திறந்து கரி அள்ளிப் போடும்போது முகத்தில் அனல் அடிக்கும். சுட்ட எண்ணெய், கரிப்புகை, நீராவி மூன்றும் கலந்த அந்த வாசனைக்கு எந்த செண்ட்டும் ஈடில்லை.

மலை ஏறத் தொடங்கியதும் சத்தமே மாறிவிடும். சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறும்போது எழுவதுதான் அந்த 'குப்'. சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் நாலு 'குப்'. அந்தச் சீறலே அடுப்புக்குக் காற்றையும் இழுத்துத் தரும்; ஏற்றம் கூடக் கூட நெருப்பும் மூளும். இதெல்லாம் பின்னால் படித்தது. உயிருள்ள ஒன்று எங்களைச் சுமந்து மலையேறுகிறது என்றுதான் அன்றைக்கு நம்பினேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

பகவதிபுரம் தாண்டினால் குகை. "ஷட்டரை இறக்குங்க!" என்று பெட்டி முழுக்கக் குரல். எவ்வளவு இறக்கினாலும் புகை உள்ளே வந்துவிடும். கும்மிருட்டு, இருமல், பிள்ளைகளின் கூச்சல். கண்ணில் கரித்தூள் விழுந்தால் அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி ஒத்தியெடுப்பாள். ஆடி மாதம் என்றால் இந்தப் பக்கம் சாரல். குகையை விட்டு வெளியே வந்தால் ஆரியங்காவில் கொட்டுகிற மழை! பிறகு கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். 1904-இல் வண்டி ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து நிற்கிற கல் வளைவுகள். சாலையில் போகிற பஸ்ஸுக்குக் கையாட்டாமல் அதை நாங்கள் கடந்ததே இல்லை.

மீட்டர்கேஜ் வண்டி 2010-இல் நின்றுபோனது. அகலப்பாதையாகி 2018-இல் திறந்தார்கள். குகையும் பாலமும் அங்கேயேதான் இருக்கின்றன. பகல் வண்டியாகப் பார்த்து, மழைக்காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை போய்வாருங்கள். நீராவி எஞ்சினே வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற மலை ரயில் இருக்கிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஏறும். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். வண்டி கிளம்புவதற்கு முன்பே அந்த எஞ்சின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கவிடுங்கள். சீட்டு மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.