இன்னும் கொஞ்சம் வலது கால்!

ஆறு வருடமாகக் கணினியில் விமானம் ஓட்டுகிறேன். அதில் ஐந்தரை வருடம் என் கால்கள் மேசைக்கு அடியில் சும்மா கிடந்தன. வாலில் உள்ள சுக்கானைக் காலால் திருப்பும் ரட்டர் பெடல் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த ஆறு மாதமாக நான் பார்ப்பது வேறு வானம்! யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது.

முன்பு என்னிடம் இருந்தது, கைப்பிடியை முறுக்கினால் சுக்கான் திரும்பும் ஜாய்ஸ்டிக். ஏற்றுவது, இறக்குவது, சாய்ப்பது, திருப்புவது எல்லாம் ஒரே மணிக்கட்டின் வேலை. முறுக்கும்போது கை தன்னையறியாமல் பக்கவாட்டிலும் சாயும். மூக்கை மட்டும் திருப்ப நினைத்தால் இறக்கையும் கூடவே தாழும். அலுத்துப்போய், சுக்கானை விளையாட்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று தானியங்கி வசதியைப் போட்டுவிடுவேன். வாலில் நிமிர்ந்து நிற்கும் அந்தத் துடுப்பு எதற்காக இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் இத்தனை வருடம் பறந்திருக்கிறேன்.

பெடல், பார்க்க எளிய சாமான். இரண்டு பாதப்பலகைகள்; ஒன்றைத் தள்ளினால் மற்றது பின்னால் வரும். பாதத்தோடு முன்னால் தள்ளினால் சுக்கான். விரல் பக்கம் மேற்பகுதியை அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக். அவ்வளவுதான். ஆனால் உடம்பில் ஊறிய இரண்டு பழக்கங்கள் குறுக்கே நின்றன. கார் ஓட்டிய வலது கால், அழுத்தினால் வேகம் வரும் என்றே நம்பிக்கொண்டிருந்தது. சைக்கிளில் வலப்பக்கக் கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி இடப்பக்கம் போகும் என்பது சின்ன வயதிலேயே பதிந்துபோன பாடம். விமானத்தில் நேர் எதிர்: வலது காலைத் தள்ளினால் மூக்கு வலப்பக்கம்.

அதனால் முதல் வாரம் பறக்கவே இல்லை. எக்ஸ்-பிளேன் 12 என்ற பறக்கும் விளையாட்டில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்து, தரையில் மஞ்சள் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். புதிதாக வாங்குகிற எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான். 172-இல் மூக்குச் சக்கரம் பெடலோடு ஸ்பிரிங் வழியாக இணைந்திருக்கிறது. பெடலால் மட்டும் இரு பக்கமும் சுமார் 10 டிகிரி திரும்பும். ஒரு பக்கப் பிரேக்கையும் சேர்த்தால் 30 டிகிரி வரை. அழுத்தியதற்குப் பலன் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் இன்னும் அழுத்தினால் கோட்டைத் தாண்டிவிடும். பதறி மறுகாலைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தாண்டும். பாம்பு போன தடம் மாதிரி இருந்தது என் ஓட்டம்.

நடுவில் இரண்டு சின்ன இடைஞ்சல்கள். முழு விசை கொடுத்தும் விமானம் முனகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. பார்த்தால், பிரேக்கின் அச்சு தலைகீழாகப் பதிவாகி, காலை எடுத்தபோதெல்லாம் பிரேக் பிடித்திருக்கிறது. அமைப்புகளில் ஒரு கட்டத்தில் டிக் அடித்ததும் சரியாயிற்று. அடுத்தது எங்கள் வீட்டு வழுவழு டைல்ஸ். பெடலைத் தள்ளினால், சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடியது. பெடலைச் சுவரோடு முட்டுக்கொடுத்து, நாற்காலியையும் பெடலையும் கயிற்றால் பிணைத்தேன். இன்றுவரை அந்தக் கயிறுதான். வெறுங்காலோடு ஓட்டுவது நம் வீடுகளில் கிடைக்கிற பெரிய வசதி. குதிகால் தரையில், முன்பாதம் பலகையில். மயிரிழை அசைவும் தோலுக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் பக்கத்து அறையில் அம்மா தைத்துக்கொண்டிருந்தார். கால் மிஷின். ஜாக்கெட்டின் கழுத்து வளைவு வரும்போது அவர் பாதம் தானாக மெதுவாகிறது, வளைவு முடிந்ததும் வேகம் பிடிக்கிறது. கண் ஊசியை விட்டு நகரவே இல்லை. “எப்படிம்மா?” என்று கேட்டேன்.

“கால் தன்னால பழகிக்கும்டா. நீ துணியப் பாரு.”

அன்று இரவிலிருந்து மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பதை விட்டேன். எந்தக் கால் என்று யோசிப்பதையும் விட்டேன். கோடு போய் முடியும் தூரத்தை மட்டும் பார்த்தேன். மூன்றாம் நாள் விமானம் நூல் பிடித்த மாதிரி போனது!

பிறகு புறப்பாடு. விசையைக் கூட்டக் கூட்ட மூக்கு இடப்பக்கம் இழுக்கும். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது; அதன் எதிர்விசை இடது சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது. அது தள்ளும் காற்று விமானத்தின் உடலை முறுக்கிச் சுற்றிக்கொண்டு போய் வாலின் இடப்பக்கத்தில் அறைகிறது. மூக்கைத் தூக்கியதும், வலப்பக்கம் கீழிறங்கும் புரொப்பெல்லர் இறகு கூடுதலாக இழுக்கிறது. எல்லாம் சேர்ந்து இடப்பக்கமே தள்ள, ஈடுகொடுக்க இருப்பது வலது கால் ஒன்றுதான். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் சலிக்காமல் சொல்லும் வாக்கியம் இதுவாம்: “இன்னும் கொஞ்சம் வலது கால்!” 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கும் அந்தக் கணத்துக்கு ஒரு சின்ன அழுத்தம் கூடுதலாக வேண்டும். யாரும் சொல்லாமல், நானே நினைக்காமல், என் கால் அதைக் கொடுத்த முதல் இரவில் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

மேலே போனால் பந்து. விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்ட, கருவிப் பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கறுப்புப் பந்து. இடப்பக்கம் சாய்த்தால், மேலே எழும் வலது இறக்கை கூடுதல் தூக்குவிசையோடு கூடுதல் இழுவையையும் வாங்கிக்கொள்ளும். மூக்கு ஒரு கணம் வலப்பக்கம் போகப் பார்க்கும். பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கக் காலை மிதிக்க வேண்டும். இதே சிக்கலைத் தீர்க்க, 1902-இல் ரைட் சகோதரர்கள் தங்கள் கிளைடரின் வாலில் அசையாத நிமிர்ந்த பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். கிளைடர் தாழ்ந்த இறக்கைப் பக்கம் சறுக்கிப்போய் மணலில் குத்தியது. பலகையை அசையும்படி செய்யலாம் என்று யோசனை சொன்னவர் ஆர்வில். முதலில் அதை, விமானத்தைச் சாய்க்க இறக்கையை முறுக்கும் கம்பிகளோடு சேர்த்தே கட்டினார்கள். 1905-ஆம் ஆண்டு விமானத்தில்தான் தனியாகப் பிரித்தார்கள். பெடல் வந்தபின் தானியங்கி சுக்கானை நான் அணைத்ததும்கூட அதே முடிச்சை அவிழ்த்ததுதான். பந்தை நடுவில் நிறுத்தி ஒரு முழு வட்டம் அடிக்கும்போது விமானம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகிறது. அப்பா, என்ன சுகம்!

என்னை முழுசாகக் கட்டிப்போட்டது ஸ்லிப். இறங்க வேண்டிய நேரத்தில் உயரம் மிஞ்சிவிட்டது என்று வையுங்கள். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்காமல், இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது காலைக் கடைசிவரை மிதிக்க வேண்டும். விமானம் தன் விலாவைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, வேகம் ஏறாமல் கடகடவென்று இறங்கும். கண்ணாடி வழியே ஓடுபாதை கோணலாகத் தெரியும். காலை எடுத்தால் எல்லாம் நேராகிவிடும். 1983 ஜூலை 23 அன்று கனடாவில், பவுண்டையும் கிலோவையும் குழப்பிக்கொண்டதில் ஒரு போயிங் 767-க்கு நடுவானில் எரிபொருள் தீர்ந்தது. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிய அனுபவம் உள்ளவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கும்போது உயரம் அதிகமாக இருந்தது. அவர் செய்தது இந்த ஸ்லிப்தான், அவ்வளவு பெரிய ஜெட் விமானத்தில்! அதில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பல வருடம் முன்பே படித்த செய்திதான் இது. என் வலது கால் பெடலின் கடைசியை முட்டி நின்ற அன்று, அந்த மனிதரின் காலில் என்ன கனம் இருந்திருக்கும் என்று நினைத்துச் சிலிர்த்துவிட்டது.

டிசிஎஸ் என்ற போர்விமான விளையாட்டில் பழைய ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை ஓட்டுவது இன்னொரு உலகம். நீண்ட மூக்கு முன்னால் எதையும் பார்க்க விடாது. வளைந்து வளைந்துதான் தரையில் போக வேண்டும். பிரேக் நெம்புகோல் கைப்பிடியில் இருக்கிறது, ஆனால் அது எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பங்குபோடுவது கால்கள். கையும் காலும் சேர்ந்து பிடிக்கும் பிரேக்! அதைக் கண்டுபிடித்துச் செய்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

எந்தப் பெடல் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னுடையது சறுக்கி ஓடும் எளிய வகை. தரஸ்ட்மாஸ்டரின் டிபிஆர் ஊசல்போல் தொங்கி ஆடும். விகேபியின் டி-ரட்டரில் கால்விரல் பிரேக்கே கிடையாது. ஆசை எல்லாவற்றின் மேலும் இருக்கிறது. முதலில் கையில் கிடைப்பதை வாங்கிக் காலை வையுங்கள்.

போன ஞாயிறு கணினியில் 172-ஐ எடுத்துக்கொண்டு மதெய்ரா தீவுக்குப் போனேன். ஃபுன்ஷால் விமான நிலையம். இடமில்லாமல் கடலோரம் 180 தூண்களை நட்டு, அவற்றின் மேல் ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். மலையில் மோதித் திரும்பும் காற்றுக்குப் பேர்போன இடம். இடப்பக்கத்திலிருந்து நேர்குறுக்காக 12 நாட் காற்று வைத்துக்கொண்டேன். மூக்கைக் காற்றுக்குக் காட்டி, நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்தே வந்தேன். தரை நெருங்கியதும் வலது கால் மெல்ல முன்னால் போனது. மூக்கு ஓடுபாதையோடு நேரானது. கை இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தியது. இடது சக்கரம் தொட்டது. ஒரு மூச்சு. வலது சக்கரம். பிறகு மூக்கு. கால்கள் இரண்டும் ஓயாமல் சின்னச் சின்னதாகத் தள்ளித் தள்ளி நடுக்கோட்டை விடாமல் கொண்டுபோய் நிறுத்தின.

172-இல் குறுக்குக் காற்றுக்குச் சோதித்துக் காட்டியதாகக் கையேட்டில் இருக்கும் அளவு 15 நாட். காற்றை 15-க்கு நகர்த்தினேன். கயிற்று முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மறுபடி ஓடுபாதையின் முனைக்குப் போய் நின்றேன்.