மூஞ்சி இல்லாத கூலி

ரொனால்ட் சியர்ல் என்ற ஆங்கிலேய ஓவியர் சயாம் மரண ரயிலில் ஜப்பானியரின் கைதியாகக் கிடந்தவர். காலராவில் சாகக்கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்து அவர் காப்பாற்றிய கோட்டோவியங்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேர்மையான கோடுகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றின் நடுவில் இருப்பவன் வெள்ளைக் கைதி.

தேவதானப்பட்டியில் நாங்கள் சில தோழர்கள் இந்த ரயிலைப் பற்றிச் சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதை கொண்டுவர முயல்கிறோம். அதனால்தான் இந்தப் பேச்சு. எதைப் பார்த்து வரைவது?

1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் தண்டவாளம். நேசநாட்டுக் கைதிகளில் செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியக் கூலிகளில் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம்ம சனம் அதில் பெருந்தொகை. கைதிக்குப் பேரேடு வைக்க அவன் பட்டாளத்து அதிகாரி இருந்தான், பார்க்க வைத்தியன் இருந்தான். கூலிக்கு யார் இருந்தார்கள்? பெண்டு பிள்ளையோடு போய்ச் செத்தவர்களும் உண்டு. காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டி. அதே காஞ்சனபுரியில் 1990இல் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒன்றுக்கும் பேர் கிடையாது.

மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதியிருக்கிறார். இங்கே நாம் 'தமிழன் பட்ட பாடு' என்று பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போகிறோம். எந்தத் தமிழன்? கங்காணி ஆள்பிடித்துக் கப்பலேற்றியவர்களில் பறையரும் பள்ளரும் கணிசம். மேகமலைத் தேயிலைக்கு ஏறின சனத்தைத் தெரிந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதியை மறைத்து வரைகிற படம், வெள்ளைக்காரன் பேரேட்டில் விடுபட்டதை நாமே இன்னொரு தடவை விடுகிற வேலை.

முகம் தெரியாத இடத்தில் முகத்தை இட்டுக்கட்ட வேண்டாம் என்பது என் கட்சி. கையை வரையலாம், மண்வெட்டியை, கூடையை வரையலாம். மலேயாவிலிருந்து திரும்பினவர்களின் வீடுகளில் கேட்டு, கிடைத்த பேச்சை அப்படியே வசனமாகப் போடலாம். படம் போடுகிற அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏப்பா, மூஞ்சி இல்லாமப் போட்டா புள்ளைக வாங்குமா?" என்கிறார். கேள்வி நியாயந்தான். அதற்காக சியர்லின் கைதிக்கு வேட்டி கட்டிவிட முடியாது. முதலில் இரண்டு பக்கத்தை மட்டும் அப்படிப் போட்டுப் பிள்ளைகளிடம் காட்டுவதென்று இருக்கிறோம்.