கிண்ணியாப் பாலத்தடி மோர்

நாற்பத்திரண்டு வருடமாகச் சாப்பிட்டு வருகிறேன். ருசி என்றால் என்னவென்று கிண்ணியாவில் ஒரு பேணி மோர் குடித்த அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்!

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டுக் கதிர்காமம் போகும் பாதயாத்திரை, போன ஆனியில் திருகோணமலைக்கு வந்தது. முழு வழியும் நடக்கிறவர்களுக்கு ஒன்றரை மாதத்துக்குக் கிட்ட ஆகும். எனக்குக் கிடைத்த லீவோ மூன்று நாள். கோணேசரைக் கும்பிட்டு, வெருகல் மட்டுமாவது போவோம் என்று விடியப்புறம் மூன்று மணிக்கு அவர்களோடு சேர்ந்துகொண்டேன். பையில் எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், கிரீம் பிஸ்கட். இனிப்பு இருந்தால் கால் தானாக நடக்கும் என்பது என் நம்பிக்கை.

உட்துறைமுகத்து விளக்குகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தபோது தின்ற முதல் எள்ளுருண்டை அமிர்தம். சீனன்குடா தாண்ட வெயில் ஏறிவிட்டது. கச்சான் காற்று முகத்தில் அனலாய் அடித்தது. நாலாவது உருண்டையை வாயில் போட்டால் மண்ணை மெல்வதுபோல் இருந்தது; விழுங்க எச்சில் இல்லை. விடிந்தால் ஏழெட்டு இடியப்பம் சாப்பிடுகிற எனக்குப் பசி என்ற ஒன்றே இல்லை.

உடம்பை வருத்தி உழைக்கும்போது இரத்தம் கால் தசைக்கும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ஓடுகிறது. குடலுக்குப் போவது குறைந்துவிடுகிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹோர்மோனும் கடும் உழைப்பில் தாழ்கிறது. போதாததற்கு வெயில். பசி செத்துவிடவில்லை, ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்த இடத்தைப் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் கடக்கவேண்டியிருந்தது. பாலத்தை நடந்தே கடந்து இறங்கியதும், வேலியோரத்தில் ஓர் உம்மா பெரிய பானையோடு நின்றார். "வெயில் சுட்டுப்போடும் மகள், இதக் குடிச்சிட்டுப் போங்க" என்று சில்வர் பேணியை நீட்டினார். எருமைத் தயிரைக் கடைந்த மோர். மேலே சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் மிதந்தன. தேசிக்காய்ப் புளி தூக்கலாய் இருந்தது. கை நிறைய அள்ளிப் போட்ட உப்பு!

முதல் வாய் நாக்கில் பட்டதும் கண் கலங்கிவிட்டது. வறண்டிருந்த வாய்க்குள் இரண்டு பக்கமும் எச்சில் ஊறியது. மூன்று பேணி குடித்தேன். உடம்பெல்லாம் 'இதுதான், இதுதான்' என்றது.

உடம்பு சொன்னதில் பிழையே இல்லை. ஒரு லீற்றர் வியர்வையோடு அரை கிராமிலிருந்து இரண்டு கிராம் வரை சோடியம் போய்விடலாம். உப்பை இழந்தவருக்கு உப்பு ருசிக்கும். வியர்த்து நடந்துகொண்டே வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால், இரத்தத்தில் மிஞ்சியிருக்கிற சோடியமும் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். இத்தனையும் தெரிந்துதான் நாக்கு எள்ளுருண்டையைத் தள்ளிவிட்டு மோரைக் கட்டிப்பிடித்திருக்கிறது!

அன்றிரவு மூதூரில் கால் நீட்டி உட்கார்ந்த பிறகு பசி வந்தது பாருங்கள், வட்டியும் முதலுமாக. இரண்டு கோப்பை கஞ்சி, அதற்குமேல் சோறு. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஆச்சி, இருபதாவது நாளாக நடந்துகொண்டிருப்பவர், சிரித்தபடி சொன்னார்: "வாய் கேக்கிறதைக் குடு பிள்ளை. காலுக்கு வேண்டியதைத்தான் வாய் கேக்கும்."

மிஷேல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1971இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான். ஒரே சீனித்தண்ணீர் வெறும் வயிற்றில் இனிக்கிறது, நிறையக் குடித்த பிறகு திகட்டுகிறது. சுவையின் இன்பத்தை உடம்பின் தேவை தீர்மானிக்கிறது என்றார். ஆச்சி அதைக் காலால் நடந்து கண்டுபிடித்திருக்கிறார்.

மூன்றாம் நாள், வெருகலுக்குக் கிட்டக் காட்டோரம் ஒரு பையன் பாலைப்பழம் பிடுங்கித் தந்தான். மஞ்சள் மணிமணியாக, உதட்டில் பால் பிசுபிசுக்க, தேனாய் இனித்தது. முதல் நாள் நான் வெறுத்த அதே இனிப்பு! நன்றாகச் சாப்பிட்டு, உறங்கி, விடியலில் திரும்ப நடந்த உடம்புக்கு இப்போது அதுதான் வேண்டியிருந்தது. வெருகலாற்றில் முழுகிச் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டு, அன்னதானத்தில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டேன். ஒவ்வொரு பருக்கையையும் தனித்தனியே ருசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதே எருமைத் தயிர் வாங்கி, உம்மா போட்ட அளவுக்கே உப்புப் போட்டு மோர் கடைந்தேன். ஒரு வாய் குடித்த மகள் முகத்தைச் சுளித்து, "அம்மா, கடல் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றாள். நானும் குடித்துப் பார்த்தேன். உண்மைதான், உப்புக் கரித்தது. உம்மாவின் கை வீட்டில் இருக்கிறவர்களுக்கு உப்புப் போடவில்லை. நடந்து வருகிறவர்களின் வியர்வையை அளந்து போட்டிருக்கிறது.

வருகிற வருடம் கதிர்காமம் மட்டும் போகிறேன். மகளும் வருகிறாள். எள்ளுருண்டையோடு ஒரு பொட்டலம் உப்பும் நாலு தேசிக்காயும் இப்போதே பட்டியலில் ஏறிவிட்டன.