வங்கிக் கட்டடமும் கொத்தனார் பெயரும்

தங்கவயலில் கடை வைத்திருப்பவன் நான். சரக்கெடுக்கச் சென்னை போனால், ராஜாஜி சாலையில் பாரத ஸ்டேட் வங்கியின் பழைய கட்டடத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வருவேன். 1843இல் தோன்றிய மதராஸ் வங்கிக்காக 1897இல் எழுந்த கட்டடம் அது. அவ்வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியில் கலந்தது. 1955இல் அதுவே ஸ்டேட் வங்கியாயிற்று. 2014இல் கட்டடத்தில் தீ விபத்தும் நேர்ந்தது.

இந்தோ-சாரசெனிக் பாணி என்று அறிஞர் புகழ்வர். குவிமாடமும் வளைவும் நம்மூர்ச் சாயல். உள்ளே நடந்ததோ வெள்ளையர் கணக்கு. கட்டடம் உறுதியாயிருந்தால் வங்கியும் உறுதி என்று சனங்கள் நம்பணும், அதுக்குத்தான் இந்த அலங்காரம் என்பது என் கருத்து. அதே சென்னையில் பேர்பெற்ற அர்பத்நாட் கம்பெனி 1906இல் திவாலானதே! மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. நாணயம் தூணில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது.

இன்னொரு குறை. வரைந்தவர் ஹென்றி இர்வின் என்கிறார்கள். கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் பெயரைச் சிலராவது சொல்கிறார்கள். கல் சுமந்தவர் பெயரை யார் சொன்னார்?

நம் கதையும் அதுதானே? 1880 முதல் 2001 வரை இங்கே தங்கம் எடுத்தாங்க. ஜான் டெய்லர் பெயர் நிலைத்தது. பாறை உடைத்த நம் பாட்டன் பெயர் எங்கே? சாம்பியன் ரீஃபா, நந்திதுர்க்கமா, எந்தச் சுரங்கம், என்ன வேலை என்று அவரவர் வீட்டிலேயே இன்று எழுதி வையுங்கள். தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.