வெளுத்த இரண்டு பிளக்குகள்

தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், படகுகளின் டீசல் சத்தம் ஓயாத இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அந்த இரைச்சலிலும் ஒரு பெட்ரோல் இன்ஜினின் திக்கலைத் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் அங்கே இருக்கிறார். என் 1984 மாடல் அம்பாசடரை அவரிடம் விட்டபோது, வேறோர் இடத்தில் புது பிளக், புது காயில், புது கண்டன்சர் எல்லாம் போட்டாகியிருந்தது. இன்ஜின் திக்கும் அந்த மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை.

அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டு, சைலன்சர் பக்கம் குந்தி, உள்ளங்கையைப் புகைக்கு நேராகக் காட்டினார். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்கு 20 முறை வெடிக்க வேண்டும். ஒரு பிளக் செத்திருந்தால், தவில்காரர் ஒரே அட்சரத்தை விட்டுவிட்டு வாசிப்பதுபோல அந்த இடைவெளி தாளம் தப்பாமல் திரும்பத் திரும்ப வரும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சில தடவை பற்றும், சில தடவை பற்றாது. சத்தம் கணக்கில்லாமல் சிதறும்; புகையில் நிறமே இருக்காது. "இது காத்து தம்பி, கரண்டு இல்ல" என்றார்.

ஆனாலும் கரண்டை அப்படியே கழித்துவிடவில்லை. இது உப்புக்காற்று ஊர். பிளக் வயரில் உப்பும் ஈரமும் படிந்தால் மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். பொழுது சாயும்வரை காத்திருந்து, விளக்கை அணைத்து, பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எங்கும் நீலப் பொறி ஊரவில்லை.

பிறகுதான் பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் பழைய தினசரியின்மேல் வைத்தார். ஒன்றும் இரண்டும் நல்ல காப்பிப்பொடி நிறம். மூன்றும் நான்கும், காற்று கூடியதன் அடையாளமாக, சுண்ணாம்பு போல் வெளுத்துக் கிடந்தன.

நான் எத்தனாலைச் சந்தேகித்திருந்தேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்குக்கு வைத்த கார்புரேட்டரில் கலவை லீன் பக்கம், அதாவது காற்று கூடிய பக்கம், சாயத்தான் செய்யும். ஆனால் அதுதான் காரணம் என்றால் நான்கும் வெளுத்திருக்க வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அம்பாசடருக்கு வந்த அந்த 1489 சிசி இன்ஜினில், கலவை உள்ளே போக நான்கு சிலிண்டருக்கும் இரண்டே வாசல்கள். முதல் இரண்டுக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு ஒன்று. அப்படி ஒரு ஜோடி பிளக் மட்டும் வெளுத்தால் அவற்றின் பொது வாசலில்தான் ஓட்டை. இன்ஜினின் உடற்கூறு முழுவதும் மனத்தில் இருப்பவருக்குத்தான் அந்த நான்கு பிளக்கும் இப்படிப் பேசும்.

பிளக்குகளை மாட்டி வண்டியைக் கிளப்பினார். ஆயில் கேனிலிருந்து நாலு சொட்டு, கலவையை அந்த வாசல்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் பின்பக்க இணைப்பில் விட்டார். எண்ணெய் சட்டென்று உள்ளே இழுபட்டது. இரண்டு மூச்சு நேரம் இன்ஜின் வழுவழுவென்று ஓடி, மறுபடி திக்கியது. "பாத்தியா?"

மறுநாள் புது கேஸ்கட் போட்டார். கடைசியாக எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனை, அதைத் தூக்கவென்றே அடியிலுள்ள சிறு முளையால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினார். கலவை லீன் என்றால் இன்ஜின் துவண்டு நிற்கும். பெட்ரோல் கூடி ரிச் என்றால் வேகம் ஏறி அப்படியே நிற்கும். என் வண்டி லேசாக ஒரு குரல் ஏறி, உடனே பழைய சுருதிக்கு இறங்கியது. அவர் விரலை எடுக்காமல் இன்னொரு முறை உயர்த்திக் கேட்டார்.